பிப்ரவரி முப்பது

துறை அறிவிப்புப் பலகையில் அந்தக் காகிதத்தை ஒட்டியவரை மன்னித்துவிடலாம். அவர் அலுவலக உதவியாளர், சொன்னதைச் செய்தார். எழுதிய கையைத்தான் மன்னிக்க முடியாது. ‘எம்.ஏ. இறுதியாண்டு மாணவர்கள் கவனத்திற்கு: ஆர்-ஸ்கொயர் 0.90-க்குக் குறைவாக உள்ள ப்ராஜெக்ட் அறிக்கைகள் ஏற்கப்பட மாட்டா. இப்படிக்கு, பொருளாதாரத் துறைத் தலைவர்.’

ஆர்-ஸ்கொயர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு இரண்டே வரியில் சொல்லிவிடலாம். மீன் விலை தினமும் ஏறுகிறது, இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தில் நூற்றுக்கு எத்தனை பங்குக்கு உன் கையிலிருக்கும் காரணங்களை வைத்து விளக்கம் சொல்ல முடிகிறது என்பதுதான் அது. 0.31 வந்தால் முப்பத்தொரு பங்கு புரிந்தது, மீதி எனக்குப் புரியவில்லை என்று ஒத்துக்கொள்கிறாய். புரியாததைப் புரியவில்லை என்று சொல்வது ஒரு படிப்பில் குற்றமாகிவிட்டால் அந்தப் படிப்பை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

மலர்க்கொடி அந்தக் காகிதத்தை மூன்று முறை படித்தாள். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கால்வலி எல்லாம் மண்டைக்கு ஏறியது. சிதம்பரத்தில் அந்தக் கல்லூரியில் பதினோரு வருஷமாக அவள் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில் மட்டும். ஒவ்வொரு ஜூன் மாதமும் நீட்டிப்பு ஆணை வருமா, வராதா என்று துறைத் தலைவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். எகனாமெட்ரிக்ஸ் என்கிற பொருளாதாரக் கணக்குப் பாடம் என்றால் மற்றவர்கள் எல்லாரும் நழுவிவிடுவார்கள். அதனால் அந்தப் பாடம் அவள் தலையில் விழுந்தது. விழுந்ததை அவள் ஆசையோடு பிடித்துக்கொண்டாள்.

இந்த வருஷம் அவள் நடத்திய விதம் அந்தத் துறை பார்த்திராதது. முதல் மாதம் சூத்திரமே கிடையாது. “உங்க வீட்டுல, உங்க ஊர்ல, யாருக்கும் காரணம் தெரியாத ஒரு ஏத்த எறக்கத்தச் சொல்லுங்க. அதுதான் உங்க ப்ராஜெக்ட்” என்றாள். இருபது பேரும் முதலில் முழித்தார்கள். பிறகு வாயைத் திறந்தார்கள் பாருங்கள்! வடலூர்ப் பக்கம் முந்திரித் தோப்பு வீட்டுப் பிள்ளை தமிழ்வேந்தன், முந்திரி உடைக்கும் பெண்கள் வியாழக்கிழமை மட்டும் ஏன் குறைவாக உடைக்கிறார்கள் என்று கேட்டான். சுவாதி, திருவந்திபுரம் கோயிலில் நாற்பது கல்யாணம் நடக்கிற முகூர்த்த நாளில்கூடச் சில சமயம் கடலூரில் பூ விலை ஏறாமல் இருக்கிறதே, அது எப்படி என்றாள். கடலூர் சோனாங்குப்பத்திலிருந்து வரும் இளமதி கடைசியாக எழுந்தாள்.

“எங்கம்மா கானாங்கெளுத்தி விக்கறாங்க மேடம். ஒரே மீனு, ஒரே எடம். ஒருநாளு நல்லா போவுது, ஒருநாளு பாதி வெலைக்குத் தள்ளிட்டு வர்றாங்க. ஏன்னு கேட்டா தலையெழுத்துன்றாங்க. தலையெழுத்த எப்படி மேடம் அளக்கறது?”

வகுப்பு சிரித்தது. மலர்க்கொடி சிரிக்கவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் அவள் பதினோரு வருஷமாகக் காத்திருந்தாள் போல. “அறுபது காலை போயி நில்லு. பாத்தத உன் கையால எழுது. எழுத முடியாத நாளுக்கு எழுதலைன்னே எழுது. அதுக்கப்புறம் சூத்திரத்துக்கு வருவோம்” என்றாள்.

இளமதி அறுபத்திரண்டு காலை நின்றாள். எத்தனை ஃபைபர் படகு கரைக்கு வந்தது, வெள்ளிக்கிழமையா, அமாவாசையா, ஐஸ் வண்டி வந்ததா இல்லையா, அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஐந்து பேரும் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட் ஓரத்தில் கிலோ என்ன விலைக்கு விற்றார்கள், எல்லாம் ஒரு நீள நோட்டில். ஜுரம் வந்த இரண்டு நாளுக்கு ‘எழுதலை’ என்று எழுதியிருந்தாள். மார்ச் மாதம் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தபோது விடை வந்தது. படகு எண்ணிக்கையால் விலை கொஞ்சம் அசைந்தது. வெள்ளிக்கிழமையால் கொஞ்சம். ஐஸ்தான் பெரிய ஆள். ஐஸ் வராத நாளில் கிலோவுக்கு முப்பத்தெட்டு ரூபாய் விழுந்தது. அது தற்செயலாக வரக்கூடிய வீழ்ச்சி இல்லை என்று கணக்கே அடித்துச் சொன்னது. பெரிய போட்டுக்காரர்கள் இருக்கிற ஐஸ் பாரையெல்லாம் மொத்தமாக ஏற்றிக்கொண்டு போய்விட்டால், வெயில் ஏறுவதற்குள் எதையாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று பெண்கள் தள்ளிவிட வேண்டியிருக்கிறது.

“தலையெழுத்து இல்ல மேடம், ஐஸு!” என்று அந்தப் பெண் லேபில் எழுந்து நின்று கத்தியே விட்டாள். மலர்க்கொடிக்கும் ஒரு கணம் கண் கலங்கிவிட்டது. சூத்திரத்தை மனப்பாடம் பண்ணி வாந்தியெடுக்கிற வகுப்பில் ஒருத்தி தன் அம்மாவின் கூடைக்குள் என்ன நடக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாள். இதைவிட ஒரு வாத்தியாருக்கு என்ன வேண்டும்? ஆனால் ஆர்-ஸ்கொயர் 0.31. மறுநாள்தான் பலகையில் அந்த அறிவிப்பு.

துறைத் தலைவர் தில்லைநாதனிடம் நேரே போனாள். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது அவருக்கு. மேசைக்கண்ணாடியின் கீழே சாமி படம், மேலே டிபன் பாக்ஸ். இளமதியின் அறிக்கையைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“வெறும் முப்பத்தொண்ணா? ஏம்மா, தர மதிப்பீட்டுக் கமிட்டி வருது. இதப் போயி காட்ட முடியுமா?”

“சார், விலையில நூறு காரணம் இருக்கும். அவ நாலத்தான் அளந்தா. நாலு காரணத்துக்கு முப்பத்தொண்ணு வர்றது நல்ல விடை சார். ஐஸோட பாதிப்பு எவ்வளவு உறுதியா வந்திருக்குன்னு பாருங்க.”

“ஐஸு எந்த சிலபஸ்ல இருக்குது? அளிப்பு, தேவை, அதுங்கதானே புக்குல இருக்குது? போயி எண்ண கொஞ்சம் சரி பண்ணிக் குடுக்கச் சொல்லு. தொண்ணூறு வந்தா கையெழுத்து. இல்லன்னா ஃபெயில்.”

“சரி பண்றதுன்னா மாத்தறதா சார்?”

தில்லைநாதன் டிபன் பாக்ஸை மூடினார். “ரெண்டாயிரத்து மூணுல நீ பண்ணலியா? அப்பவும் உனக்கு நான்தானே கைடு. அப்ப உனக்குச் சொன்னதத்தான் இப்ப அவளுக்கும் சொல்றேன். என்னா கெட்டுப்போச்சு? நீ லெக்சரர் ஆவலியா? ஜூன் மாசம் வரப்போவுது, மறந்துடாத.”

மலர்க்கொடிக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. வெளியே வந்தபோது வராந்தாவில் மாணவர்கள் கும்பலாக நின்று மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் கலைந்தார்கள். அவர்கள் எங்கே போவார்கள் என்று அவளுக்குத் தெரியும். கல்லூரி வாசலுக்கு எதிரே பூவராகன் ஜெராக்ஸ் கடை. ‘ப்ராஜெக்ட் ரெடி, பைண்டிங் இலவசம்’ என்று கதவிலேயே எழுதிப் போட்டிருப்பார். பூவராகனிடம் எந்தத் தலைப்பிலும் ஒரு அறிக்கை உண்டு. பெயரை மாற்றி, வருஷத்தை மாற்றி, சூடாக எடுத்துக் கொடுப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தப் பண்டத்தைக் கேட்டு வாங்குகிற சந்தை இந்த வராந்தாவில் இருக்கிறது.

ஒரு வாரத்தில் பத்தொன்பது பேரும் முந்திரியையும் பூவையும் கைவிட்டார்கள். தமிழ்வேந்தன் மட்டும் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். “கோச்சுக்காதீங்க மேடம். எனக்கு அம்பத்தி ரெண்டு வந்துச்சி. அப்பா ஃபெயிலானா தோலை உரிச்சிடுவாரு” என்றான். திட்டுவதற்கு அவளுக்கு என்ன யோக்கியதை? “போப்பா” என்றாள்.

இளமதி மட்டும் மாற்றவில்லை. ஃபெயில் போட்டால் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப் போகும். ஒரு வருஷம் தள்ளிப் போனால் அவளைப் படிக்க வைக்கிற பொறுமை அவள் வீட்டில் யாருக்கும் இருக்காது. மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று அவளே ஒருமுறை சொல்லியிருந்தாள். பாஸ் பண்ணினால் பி.எட். போகலாம், இல்லாவிட்டால் பந்தக்கால்.

இங்கேதான் மலர்க்கொடி ஒரு காரியம் செய்தாள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சோனாங்குப்பத்துக்குப் போனாள். பெண்ணின் நல்லதுக்காகத்தான் போகிறோம் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஜூன் மாதத்தை அவள் நினைக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய்.

கரையில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. இளமதியின் அம்மா குப்பு, அன்னக்கூடையில் மீனைத் தண்ணீர் விட்டு அலசிக்கொண்டிருந்தாள். ஐஸ் வண்டி அன்றைக்கு வரவில்லை. நனைத்த சாக்கை மீனின் மேல் போட்டு மூடினாள்.

“டீச்சர் நம்ம வூடு தேடி வந்துட்டீங்களா? இருங்க. இளமதி, டீ வாங்கியா” என்று எழுந்தாள்.

“இல்ல வேண்டாங்க. இளமதிகிட்ட ஒரு வார்த்த பேசணும். புள்ள நல்லா பண்ணியிருக்கா. ஆனா ஒரு அஞ்சாறு எண்ண கொஞ்சம் திருத்திட்டா பாஸ் போட்டுடுவாங்க. படகு ஜாஸ்தி வந்த நாள்ல எல்லாம் விலை கொறஞ்சுதுன்னு வர்ற மாதிரி. ஐஸ எடுத்துட்டு...”

இளமதி அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் மலர்க்கொடி குப்புவின் பக்கம் திரும்பிக்கொண்டாள். குப்பு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“எண்ண மாத்தணுமா? நான் இருவத்தஞ்சி வருசமா கூடை தூக்கறேன் டீச்சர். மீனு நெகுந்து போச்சின்னா நெகுந்து போச்சின்னு சொல்லித்தான் வெலையக் கொறைக்கறேன். கெட்ட மீன நல்ல மீனுன்னு சொல்லி ஒருத்தர் தலையிலயும் கட்டுனதில்ல. நாங்க அப்படிப் பண்ணா மார்க்கெட்டுல காறித் துப்புவாங்க. படிச்சவங்க பண்ணா பாஸா? இதுக்கு உங்க காலேஜுல என்னா பேரு?”

“அம்மா, விடும்மா” என்றாள் இளமதி. பிறகு மலர்க்கொடியிடம் மெதுவாகச் சொன்னாள். “ஜுரம் வந்த நாளக்கூட எழுதலைன்னு எழுதச் சொன்னது நீங்கதானே மேடம்?”

மலர்க்கொடி டீ குடிக்காமலே திரும்பினாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனாள். ஒரு மீன்காரி கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாத படிப்பு என்னடி படிப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தச் சுரைக்காயில் விஷம் வேறு கலந்திருக்கிறது, நாமே பந்தி போட்டுப் பரிமாறுகிறோம்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு முந்திய நாள் மத்தியானம், துறை அறையில் உட்கார்ந்து பத்தொன்பது அறிக்கைகளையும் பிரித்தாள். ஒருவனுக்கு மத்தி, ஒருத்திக்கு நெத்திலி, ஒருவனுக்குக் கத்தரிக்காய். ஆர்-ஸ்கொயர் மட்டும் எல்லாருக்கும் 0.98. அட்டவணையைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஒரே எண்கள். கத்தரிக்காயும் நெத்திலியும் ஒரே நாளில் ஒரே விலைக்கு ஏறி ஒரே விலைக்கு இறங்கியிருந்தன. சிரிப்பதா, அழுவதா? அப்புறம் ஒரு வரியில் அவள் விரல் நின்றது.

பிப்ரவரி 29. அதற்கு அடுத்த வரி, பிப்ரவரி 30.

எந்த வருஷத்திலும், நம் பக்கம் எந்த ஊரிலும் பிப்ரவரி முப்பது வந்ததில்லை. பத்தொன்பது அறிக்கையிலும் வந்திருந்தது. அலமாரியைத் திறந்து போன வருஷத்து அறிக்கைகளை இழுத்தாள், பிப்ரவரி முப்பது. அதற்கு முந்திய வருஷம், பிப்ரவரி முப்பது. ஒன்பது வருஷத்து அறிக்கைகள் அங்கே இருந்தன. ஒவ்வொன்றிலும் கைடு கையெழுத்து, தலைவர் கையெழுத்து, வெளித்தேர்வாளர் கையெழுத்து. அதில் பாதி கைடு கையெழுத்து அவளுடையதே! ஆர்-ஸ்கொயரைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், அட்டவணையைப் பார்க்கவே இல்லை. ஒரு மனுஷன் தேதியைக்கூடப் படிக்கவில்லை.

அந்த நாளை உண்டாக்கியது யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள்தான். 2003-இல், கம்ப்யூட்டர் சென்டர் மூடப் போகிறார்கள் என்ற அவசரத்தில், மாதத்துக்கு முப்பது நாள் என்று இல்லாத எண்களை அடித்தபோது பிப்ரவரிக்கும் முப்பது போட்டுவிட்டாள். அதற்கு முன்னால் அவளிடம் உண்மையான எண்கள் இருந்தன. இதே கடலூர்க் கரையில் நாற்பத்தொரு காலை நின்று எழுதிய எண்கள். 0.28 வந்தது. தில்லைநாதன் திருப்பி அனுப்பினார். அவள் நோட்டை மூடி வைத்துவிட்டுப் புது எண்களை உட்கார்ந்து எழுதினாள். அந்த அறிக்கைக்குத் துறையில் முதல் பரிசு. அது எப்படியோ பூவராகன் கடைக்குப் போய், இருபத்திரண்டு வருஷமாகக் குட்டி போட்டுக்கொண்டிருக்கிறது.

அந்தப் பழைய நோட்டில் நான்கு பத்திகள் இருந்தன. படகு, கிழமை, விலை. நான்காவது ஐஸ். ஐஸ் இல்லாத நாளுக்குப் பெருக்கல் குறி போட்டிருந்தாள். கரையில் பெண்கள் சுற்றி நின்றுகொண்டு, “இத எழுதிக் குடுத்தா எங்களுக்கு ஐஸ் வருமா பாப்பா?” என்று கேட்டதும், “வரும்க்கா” என்று அவள் சொன்னதும் ஞாபகம் வந்தது. அந்தத் தேதி இருக்கும் பக்கங்களில் எல்லாம் காகிதத் துண்டு செருகி, பழைய அறிக்கைகளையும் மறுநாள் கொண்டுபோக எடுத்து வைத்தாள்.

வைவாவுக்கு வெளித்தேர்வாளராக வந்தவர் வேறு ஊர்க் கல்லூரிப் பேராசிரியர் செம்பியன். மூன்று வருஷமாக அவர்தான் வருகிறார். வரும்போதே இரண்டு மணி பஸ்ஸைப் பற்றி விசாரித்துக்கொண்டு வந்தார். மாணவனுக்கு மூன்று நிமிஷம். தமிழ்வேந்தனைக் கேட்டார்.

“ஆர்-ஸ்கொயர் எவ்ளோ?”

“பாயிண்ட் நைன் எய்ட் சார்.”

“வெரி குட். அடுத்து.”

மீன் எது, கத்தரிக்காய் எது என்றுகூடக் கேட்கவில்லை. இளமதியின் முறை வந்தது. அறிக்கையைத் திறந்ததுமே அவர் புருவம் ஏறியது.

“என்னம்மா இது, முப்பத்தொண்ணு? மீதி அறுபத்தொன்பது எங்க போச்சு?”

“தெரியாது சார்” என்றாள் இளமதி. “காத்து எந்தப் பக்கம் அடிச்சிதுன்னு நான் அளக்கல. கேரளா லாரி எப்ப வந்துச்சின்னு அளக்கல. அளக்காததப் பத்தி எனக்குச் சொல்லத் தெரியாது. ஐஸ மட்டும் தெரியும். அது இல்லன்னா கிலோவுக்கு முப்பத்தெட்டு ரூவா போவுது. எங்க தெருவுல ஆறு பேருக்கும் போவுது.”

“மாடல்ல குறை இருக்கும்மா. ஃபிட் ஆவல.”

“கடலு அப்படித்தான் சார் இருக்குது. ஃபிட் ஆவறதுக்காக அத மாத்த முடியுமா?”

அறையில் யாரோ சிரித்தார்கள். செம்பியன் சிரிக்கவில்லை. மலர்க்கொடிக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும் போல இருந்தது. அந்தப் பெண் பேசிய நான்கு வார்த்தையில் இரண்டு வருஷத்துப் பாடம் இருந்தது. கேட்க ஆள் இல்லை.

எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தலைவர் அறையில் மதிப்பெண் பட்டியல் போட்டார்கள். பத்தொன்பது பேருக்கு எண்பத்து நாலு, எண்பத்தாறு, எண்பத்தெட்டு. இளமதிக்கு இருபத்தெட்டு. பாஸுக்கு ஐம்பது வேண்டும். தில்லைநாதனும் செம்பியனும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பட்டியலை அவள் பக்கம் தள்ளினார்கள். கைடு கையெழுத்து இல்லாமல் பட்டியல் போகாது.

மலர்க்கொடி பேனாவை எடுக்கவில்லை.

“போடும்மா, சாருக்கு பஸ் இருக்குது” என்றார் தில்லைநாதன்.

“சார், ஒரு சந்தேகம்” என்று அவள் செம்பியனைப் பார்த்துச் சொன்னாள். தமிழ்வேந்தனின் அறிக்கையைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். “இந்த வரியப் படிங்க சார். தேதியப் படிங்க.”

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். அவள் போன வருஷத்து அறிக்கையை அதன் மேல் வைத்தாள். அதற்கு முந்தியதை அதன் மேல் வைத்தாள். “இதுல கீழ இருக்கறது உங்க கையெழுத்து சார். இது என்னோட கையெழுத்து. இது சாரோடது. பிப்ரவரி முப்பதாந்தேதி மத்தி என்னா வெல வித்துதுன்னு நாம மூணு பேரும் சரி பாத்திருக்கோம்.”

தில்லைநாதன் கதவைப் பார்த்தார். “ஏம்மா, சத்தம் போடாத. டைப்பிங் மிஸ்டேக் அது.”

“மிஸ்டேக்கா? பத்தொன்பது பேருக்கும் ஒரே மிஸ்டேக்கா?” அவள் குரல் ஏறிவிட்டது. பதினோரு வருஷமாக அந்த அறையில் அவள் குரல் ஏறியதில்லை. “அது நான் எழுதுனது சார். ரெண்டாயிரத்து மூணுல. நீங்க சொன்னீங்கன்னு கைல இருந்த நெச எண்ணத் தூக்கிப் போட்டுட்டு எழுதுன பொய்யி. அந்த நெச எண்ணுலயும் ஐஸ் இருந்துச்சு சார்! இந்தப் பொண்ணு கண்டுபிடிச்ச அதே ஐஸு! நான் அழிச்சேன். எனக்குப் பரிசு குடுத்தீங்க. இவ அழிக்க மாட்டேன்றா, ஃபெயிலாக்கறீங்க. ஃபெயிலாக்கறதா இருந்தா என்னை ஆக்குங்க. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுதறேன். என் எம்.ஏ. பட்டம் பொய்யில வந்தது, ரத்து பண்ணுங்கன்னு எழுதறேன். ஒன்பது வருசத்து அறிக்கையையும் சேத்து அனுப்பறேன். உப்பத் தின்னவ நான், தண்ணி குடிச்சுக்கறேன்.”

“ஜூன் மாசம் உனக்கு ஆர்டர் வராது” என்றார் தில்லைநாதன். வார்த்தை கொஞ்சம் தடுமாறியது.

“வராட்டிப் போவட்டும் சார்.”

செம்பியனுக்கு நெற்றி வியர்த்துவிட்டது. மூன்று வருஷத்துக் கையெழுத்து. விசாரணை என்று ஒன்று வந்தால் அவர் பெயரும் அதில் இருக்கும். பட்டியலைத் தன் பக்கம் இழுத்தார். இருபத்தெட்டை அடித்து, அறுபத்தெட்டு என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். “நல்ல களப்பணிதான். நான் சரியா கவனிக்கல. லெட்டர் கிட்டர் எல்லாம் வேண்டாம் மேடம். எல்லாருக்கும் புள்ளகுட்டி இருக்குது. இதோட விட்டுடுவோம், என்ன சார்?”

தில்லைநாதன் தலையை ஆட்டினார். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் கடலே தப்பு என்று சொன்ன வாய்கள்! நியாயத்துக்காக ஒரு மார்க் ஏறவில்லை, பயத்துக்காக நாற்பது ஏறியது. மலர்க்கொடிக்கு அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் அறுபத்தெட்டு, அறுபத்தெட்டுதானே. பெண் பாஸ். கையெழுத்துப் போட்டாள். பட்டியல் உறைக்குள் போய் அரக்கு வைக்கப்பட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே வெளியே வந்தாள்.

ஜன்னலுக்குப் பக்கத்தில், வராந்தா பெஞ்சில் இளமதி உட்கார்ந்திருந்தாள். உள்ளே பேசியது எல்லாம் அந்தக் கம்பி ஜன்னல் வழியாக வெளியே போயிருக்கிறது என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

“பாஸ் இளமதி. அறுபத்தெட்டு” என்றாள் மலர்க்கொடி. ஜெயித்துவிட்ட களைப்பில் அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

இளமதி சிரிக்கவில்லை. “ரெண்டாயிரத்து மூணுலயே உங்களுக்குத் தெரியுமா மேடம், ஐஸுதான்னு?”

“தெரியும்.”

“நான் பொறந்த வருசம் அது.”

மலர்க்கொடி பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்னை இடுப்புல வச்சிக்குனு எங்கம்மா கூடை தூக்கி வித்திருக்காங்க. இருவத்திரண்டு வருசம் தலையெழுத்து தலையெழுத்துன்னு சொல்லிக்குனு தள்ளிட்டு வந்திருக்காங்க. நீங்க அன்னிக்கு எழுதியிருந்தா ஐஸ் வந்திருக்குமோ வராதோ, அது எனக்குத் தெரியாது மேடம். அத நான் அளக்கல. ஆனா நீங்க எழுதல.” அவள் குரல் உயரவே இல்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை என்று மலர்க்கொடிக்குத் தோன்றியது. தலைவரையும் வெளித்தேர்வாளரையும் வெளுத்து வாங்கிய வீராப்பெல்லாம் இருந்த இடம் தெரியவில்லை. அவர்கள் மதிப்பெண்ணைத் திருடினார்கள். அவள் திருடியது ஒரு தெருவின் இருபத்திரண்டு வருஷம்.

“திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல மனு நாளு” என்றாள் இளமதி. “அம்மா, அந்த அஞ்சு பேரு, எல்லாரும் வர்றாங்க. ஐஸ் பொட்டி கேட்டு என் ரிப்போர்ட்ட வச்சிக் குடுக்கப் போறோம். ஒரு புள்ள எழுதுனா நம்ப மாட்டாங்க. மொத மொத இத எழுதுனது நீங்க. அது எப்படி பொய்யாச்சு, யாரு ஆக்கச் சொன்னதுன்னு உங்க கையால எழுதிக் குடுங்க மேடம்.”

உள்ளேயிருந்து தில்லைநாதனும் செம்பியனும் நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. இதோடு விட்டுவிடுவோம் என்று அவர்கள் சொன்னபோது அவள் மறுத்துப் பேசவில்லை. பேசாமல் கையெழுத்துப் போட்டாள். அந்த மௌனத்துக்கு ஒரு வருஷ நீட்டிப்பாவது கிடைக்கும் என்று மனசின் ஒரு மூலையில் அவள் கணக்குப் போட்டிருந்ததும் நிஜம்.

“நோட்டக் குடு” என்றாள்.

இளமதி அந்த நீள நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். கதவு திறந்து இரண்டு பேரும் வெளியே வந்து அவள் தலைக்கு மேலே நின்று பார்த்தார்கள். மலர்க்கொடி நிமிரவில்லை. தன் பெயர், எம்.ஏ. பதிவு எண், வருஷம் மூன்றையும் எழுதி, அதன் கீழே துறைத் தலைவரின் பெயரை முழுசாக எழுதினாள்.